அந்த 60 எங்கேருந்து எங்க வரைக்கும்?

இந்த வாரம் வந்த ஒரு டிராயிங் என்னை நல்லா எரிச்சல் படுத்திடுச்சு. அதைப் பத்தி நாலு வார்த்தை எழுதினாதான் மனசு ஆறும். அதான் இந்தப் பதிவு.

விஷயம் ரொம்பச் சின்னது. மோட்டார் உக்கார்ற ஒரு பேஸ் பிளேட். அதுல நாலு ஸ்லாட். ரெண்டு முனையும் அரைவட்டமா இருக்குமே, அந்தச் சாதாரண ஸ்லாட்தான். பெல்ட் தளர்ந்தா மோட்டாரை முன்ன பின்ன தள்ளி இறுக்குறதுக்காகப் போடுறது.

அகலம் 12. நீளம் 60.

அவ்வளவுதான் போட்டிருக்கு.

எங்கேருந்து எங்க வரைக்கும் 60?

பழைய பிரின்ட்டை யாரோ ஸ்கேன் பண்ணி அனுப்பியிருக்காங்க. சென்டர் மார்க் இருந்த தடமே இல்ல. அம்புக்குறி ரெண்டும் முனைப் பக்கமாப் போய் மங்கி நிக்குது. சரி, டிராயிங்கையே அளந்து கண்டுபிடிக்கலாம்னா, கீழ கொட்டை எழுத்துல ஸ்கேல் பண்ணக் கூடாதுன்னு எச்சரிக்கை வேற.

(புதுசா வர்றவங்களுக்கு: நான் மான்ட்ரியல்ல, சான் லோரான் பக்கம் ஒரு சின்ன மெஷின் ஷாப்புல டிசைன் வேலை பார்க்குறேன். சொந்த ஊரு கோயமுத்தூரு. கூலன்ட் வாசனை ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதாங்க.)

அந்த 60ஐ ரெண்டு விதமாப் படிக்கலாம். இந்த முனை விளிம்புலேருந்து அந்த முனை விளிம்பு வரைக்கும், அதாவது ஓவரால். இல்லன்னா இந்த அரைவட்டத்தோட சென்டர்லேருந்து அந்த அரைவட்டத்தோட சென்டர் வரைக்கும்.

ஓவரால் 60ன்னு எடுத்தா சென்டர் டு சென்டர் 48 தான். சென்டர் டு சென்டர் 60ன்னு எடுத்தா ஓவரால் 72 ஆயிடும். ரெண்டுக்கும் நடுவுல எப்பவுமே ஸ்லாட் அகலம் அளவுக்கு வித்தியாசம் வரும். இங்க 12 மி.மீ.

12 மி.மீ என்ன பெரிய விஷயமான்னு கேட்டீங்கன்னா, எம்10 போல்ட்டைப் போட்டுப் பாருங்க. முதல் கணக்குல மோட்டார் 50 மி.மீ நகரும். ரெண்டாவது கணக்குல 62. பெல்ட்டைக் கழட்டி மாட்ட 55 மி.மீ நகரணும்னா முதல் பிளேட் குப்பைக்குத்தான் போகும். ரெண்டாவதுல ஸ்லாட் பிளேட்டோட ஓரத்துக்கு ரொம்பக் கிட்டப் போயிட்டா, அந்த இடத்துல உலோகம் மெலிஞ்சு நிக்கும்.

எங்க ஷாப்ல ஒரு மெஷினிஸ்ட் இருக்கார். கியூபெக்காரர், ரிட்டயர்மென்ட் வயசைத் தொடப் போறவர். மில்லிங் மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டு டிராயிங்கை ஒரு தடவைதான் பார்த்தார். உடனே நிமிர்ந்து என்கிட்ட, "சான்த்ர் ஆ சான்த்ர்?" ன்னு கேட்டார். சென்டர் டு சென்டரான்னு. அவர் கேட்டதுல நியாயம் இருக்கு. ஏன்னா அவருக்கு வேண்டியது அந்த நம்பர்தான். 12 மி.மீ கட்டரை ஒரு முனையில இறக்கி, டேபிளை எவ்வளவு தூரம் ஓட்டணும்? அந்தத் தூரம்தான் சென்டர் டு சென்டர். கட்டரோட நடு ஓடுற பாதையே அதுதான்.

ஆனா அதே பீஸ் இன்ஸ்பெக்ஷன் மேஜைக்குப் போனா கதை மாறுது. அங்க கையில வெர்னியர். வெர்னியரோட மேல் தாடை ரெண்டையும் ஸ்லாட்டுக்குள்ள விட்டு விரிச்சா, அது தொடுறது முனையைத்தான். காத்துல இருக்குற சென்டரை எந்தத் தாடையும் தொடாது. அவங்க ஓவராலை அளந்து, அகலத்தைத் தனியா அளந்து, இதுலேருந்து அதைக் கழிக்கணும். ரெண்டு அளவு எடுத்தா ரெண்டு அளவோட பிசகும் சேர்ந்துதானே வரும்?

மூணாவது ஆளு டிசைனர். அவருக்கு மனசுல இருக்குறது போல்ட் எவ்வளவு தூரம் போய் வரணும்ங்கறது மட்டும்தான்.

ஒரே ஸ்லாட்டுக்கு மூணு பேர், மூணு ஆசை. இதுல யாரும் தப்பு இல்ல. அதனாலதான் டிராயிங்ல தெளிவா எழுதணும்னு நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன்.

அமெரிக்கக் கம்பெனிகளும் இங்க கனடாவுல நிறையப் பேரும் பின்பத்துற ஏ.எஸ்.எம்.இ ஒய்14.5 ஸ்டாண்டர்டு இதை அழகா விட்டு வச்சிருக்கு. கடைசியா 2018ல வந்த பதிப்பு. (கனடாவுக்குன்னே சி.எஸ்.ஏ பி78.2ன்னு ஒண்ணும் உண்டு. ஆனா நான் பார்த்த ஷாப்புகள்ல சுவத்துல ஒட்டியிருக்குறது ஒய்14.5 சார்ட்தான்.) ஸ்லாட்டுக்கு ஓவராலும் கொடுக்கலாம், சென்டர் டு சென்டரும் கொடுக்கலாம். எதுன்னு படத்துல தெரியணும், அவ்வளவுதான். முனை முழு அரைவட்டமா இருந்தா, ரேடியஸுக்கு நம்பரே போட வேண்டாம், வெறும் "ஆர்"னு போட்டு ரெண்டு இடம்னு குறிச்சா போதும்னு சொல்லுது.

ஏன் நம்பர் வேண்டாம்? அகலம் 12ன்னு சொல்லியாச்சு. முழு அரைவட்டம்னா ரேடியஸ் 6 தானா வந்துடும். மறுபடியும் 6ன்னு எழுதி அதுக்கும் ஒரு டாலரன்ஸ் போட்டா, அகலம் 12.2 வந்த பீஸுக்கு ரேடியஸ் 6.1 ஆகணுமா, 6ஆவே இருக்கணுமான்னு சண்டை ஆரம்பிக்கும். இப்படி ஒரே விஷயத்தை ரெண்டு இடத்துல சொல்லி வச்ச டிராயிங்கைப் பார்த்தாலே எனக்குக் கை பரபரங்கும், சிவப்புப் பேனாவைத் தேடும்.

சரி, எதுக்கெடுத்தாலும் சென்டர்லேருந்தே அளவு போடுற இந்தப் பழக்கம் எங்கேருந்து வந்துச்சு?

டிராயிங் சாஃப்ட்வேர் சாலிட்வொர்க்ஸைத் திறங்க. ஒரு கோடு வரைங்க, பக்கத்துல ஒரு வட்டம் வரைங்க. ஸ்மார்ட் டைமென்ஷனை எடுத்துக் கோட்டைக் கிளிக் பண்ணி, வட்டத்தைக் கிளிக் பண்ணுங்க. அது கொடுக்குறது கோட்டுலேருந்து சென்டருக்கு உள்ள தூரம். நீங்க விளிம்பை எவ்வளவு குறி பார்த்துக் கிளிக் பண்ணாலும் அது சென்டருக்குத்தான் ஓடும்.

கம்ப்யூட்டரைப் பொறுத்தவரைக்கும் வட்டம்னா ஒரு சென்டர், ஒரு ரேடியஸ், அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி போர்டுல டிராயிங் போட்ட காலத்துலயும் அப்படித்தான். காம்பஸ் முள்ளைக் குத்துன இடம்தான் முதல்ல, வளைவு அப்புறம்தான் வரும். ஆக வரையுறவங்க கைக்குச் சென்டர்தான் பக்கம். பொருளைத் தூக்கிப் பிடிக்கிறவங்க கைக்கு விளிம்புதான் பக்கம். கடையில தோசைக்கல் வாங்கப் போனா 12 இஞ்சுன்னு கடைக்காரர் காட்டுறது ஓரத்துலேருந்து ஓரம் வரைக்கும்தானே? யாரும் நடுவுலேருந்து டேப்பு பிடிக்கிறதில்ல.

நல்லவேளை, சாஃப்ட்வேர் எல்லாத்துலயும் விளிம்புக்கு அளவு போட வழி இருக்கு. தேடினா கிடைக்கும். ஆனா புதுசா வர்றவங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கிறதில்ல, அதுதான் எனக்குக் கோவம்.

சாலிட்வொர்க்ஸ்ல வட்டத்தைக் கிளிக் பண்ணும்போது ஷிஃப்ட்டை அழுத்திப் பிடிச்சுக்கங்க. எந்தப் பக்கத்து விளிம்புக்குக் கிட்டக் கிளிக் பண்றீங்களோ, அந்தப் பக்கம் தொடுற இடத்துக்கு அளவு போகும். ஷிஃப்ட் மறந்து போச்சா? பரவாயில்ல. போட்ட டைமென்ஷனைத் தேர்ந்தெடுத்து, இடது பக்கம் வர்ற பலகையில லீடர்ஸ் டேபுக்குப் போங்க. கீழ ஆர்க் கண்டிஷன்னு இருக்கும். சென்டர், மின், மேக்ஸ். மூணுல எது வேணுமோ அதைத் தொடுங்க. வளைவு ரெண்டு பக்கமும் இருந்தா ரெண்டுக்கும் தனித்தனியா கேட்கும்.

ஃபியூஷன்ல டைமென்ஷன் போடும்போது ரைட் கிளிக் பண்ணா, வட்டத்தோட தொடுபுள்ளியை எடுக்கிறதுக்குன்னே ஒரு வரி மெனுவுல வரும். ஆட்டோகேட்ல குவாட்ரன்ட் ஸ்னாப்பைப் போட்டுக்கலாம். ஆனா குவாட்ரன்ட்ங்கறது மேல, கீழ, இடது, வலதுன்னு நாலு புள்ளிக்கு மட்டும்தான். ஸ்லாட் சாய்வா இருந்தா அது உதவாது.

எப்ப சென்டர், எப்ப விளிம்பு? இதைத்தான் எங்க ஷாப்புக்கு இன்டர்ன்ஷிப் வர்ற பசங்க கேக்குறாங்க. நான் சொல்றது: அந்த வளைவு அங்க என்ன வேலை செய்யுதுன்னு பாருங்க.

ஒரு ஓட்டைக்குள்ள போல்ட்டோ பின்னோ ஷாஃப்ட்டோ போகுதுன்னா, சென்டர்தான். அந்தப் போல்ட் எதிர்ப் பக்கத்துல இருக்குற ஓட்டையோட நேருக்கு நேர் வரணும். ஓட்டை 10.5 ஆனாலும் 11 ஆனாலும் சென்டர் நகரக் கூடாது. இங்க விளிம்புலேருந்து அளவு கொடுத்தா, ட்ரில்லை மாத்துன உடனே ஓட்டையோட இடமே மாறிப் போயிடும்.

ஒரு லிவரோட உருண்டை முனை ஒரு பெட்டிக்குள்ள சுத்துது, சுவர்ல இடிக்கக் கூடாதுன்னா, விளிம்புதான். இடிக்கப் போறது விளிம்பு.

ஒரு ரோலர்மேல பட்டை ஓடுதா? அந்த ரோலரோட மேல் தொடுகோடு எந்த உயரத்துல இருக்குங்கறதுதான் விஷயம். ஆனா ரோலரைத் தாங்குற பேரிங் ஹவுசிங்குக்குச் சென்டர் வேணும். அப்ப ரெண்டும் தேவை. ஒண்ணை நேரா போடுங்க, இன்னொண்ணை அடைப்புக்குறிக்குள்ள ரெஃபரன்ஸா போடுங்க. அடைப்புக்குறிக்குள்ள இருந்தா அது தகவலுக்கு மட்டும்னு எல்லா ஷாப்புக்கும் தெரியும்.

இதைப் பசங்களுக்கு விளக்க எனக்கு மான்ட்ரியல்ல ஒரு பிரமாதமான உதாரணம் கிடைச்சிருக்கு. மெட்ரோவுல மஞ்ச லைன் பிடிச்சு ழான் டிராப்போ ஸ்டேஷன்ல இறங்குனா, மரங்களுக்கு மேல எட்டிப் பார்க்கும். பயோஸ்பியர். 1967 உலகக் கண்காட்சிக்கு அமெரிக்காவோட அரங்கமா பக்மின்ஸ்டர் ஃபுல்லர் கட்டுன கோளம். 1976 மே மாசம் அதோட அக்ரிலிக் மேலுறை எல்லாம் தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு. எஃகுக் குழாய்ச் சட்டம் மட்டும் அப்படியே நின்னுடுச்சு. 1995லேருந்து சுற்றுச்சூழல் மியூசியம்.

அந்தக் கோளத்துக்குப் பொதுவா ரெண்டு நம்பர் சொல்லுவாங்க. விட்டம் 76 மீட்டர். உயரம் 62 மீட்டர்.

அடியில நின்னு அண்ணாந்து பார்த்துக்கிட்டே இந்த ரெண்டு நம்பரையும் மனசுல ஓட்டிப் பாருங்க. விட்டம் 76ன்னா ரேடியஸ் 38. தரையிலேருந்து உச்சி வரைக்கும் 62. அப்ப சென்டர் எங்க இருக்கு? 62லேருந்து 38ஐக் கழிங்க. தரையிலேருந்து 24 மீட்டர் உயரத்துல, வெட்டவெளியில. கிட்டத்தட்ட எட்டு மாடி உயரம். அங்க போய் யாராலயும் டேப்பு பிடிக்க முடியாது.

இன்னும் ஒரு படி போலாம். கோளம் தரையைத் தொடுற வட்டத்தோட விட்டம்? 38ஓட வர்க்கம் 1444. 24ஓட வர்க்கம் 576. கழிச்சா 868. வர்க்கமூலம் கிட்டத்தட்ட 29.5. ரெண்டால பெருக்கினா 59 மீட்டர். அதாவது கீழ நடந்து சுத்தி வர்றவங்களுக்கு 59 மீட்டர் அகலம். இடுப்பு உயரத்துல 76 மீட்டர். அடித்தளம் போடுறவருக்கு 59 வேணும். குழாய் வெட்டுறவருக்கு 38 வேணும். மேல விமானம் இடிக்காம இருக்கணும்னு பார்க்குற அதிகாரிக்கு 62 வேணும். மூணுமே ஒரே கோளம்தான். ஆனா "கோளத்தோட அளவு என்ன?"ன்னு பொத்தாம்பொதுவா கேட்டா பதில் கிடையாது.

எனக்கு இந்தக் கணக்கு அவ்வளவு பிடிக்கும். போற வழியில யார் கிடைச்சாலும் சொல்லிடுவேன்.

அடுத்து, சென்டரை நம்பி ஏமாறுற இன்னொரு இடம். முழு வட்டமா இல்லாத, லேசா வளைஞ்ச விளிம்பு.

ஒரு கவர் பிளேட்டோட ஓரம் மெல்லிசா வளைஞ்சிருக்குன்னு வைங்க. ரேடியஸ் 50. ஆனா வளைவு மொத்தமே 20 டிகிரிதான். டிராயிங்ல அந்த ரேடியஸையும் சென்டரோட இடத்தையும் துல்லியமா போட்டு அனுப்பிடுறாங்க. சி.எம்.எம் (புள்ளி புள்ளியாத் தொட்டு அளக்குற மெஷின்) ஓட்டுறவர் அந்தச் சின்ன வளைவு மேல நாலஞ்சு புள்ளி தொட்டு, சென்டரைக் கண்டுபிடிக்கணும்.

20 டிகிரிக்கு அந்த வளைவோட முதுகு எவ்வளவு எழும்பியிருக்கும் தெரியுமா? நாணுக்கு மேல முக்கால் மி.மீ, சரியாச் சொன்னா 0.76. நாணோட நீளம் 17.4 மி.மீ. இந்த முக்கால் மி.மீ உயரத்தை வச்சுத்தான் 50 மி.மீ தள்ளி இருக்குற சென்டரைக் கணக்குப் போடணும். உயரத்தை அளக்குறதுல 0.01 மி.மீ பிசகுனா, ரேடியஸ் 0.65 மி.மீ மாறிடும். அறுபது மடங்குக்கு மேல!

மெஷின் தப்பு இல்ல, ஆபரேட்டர் தப்பும் இல்ல. ஜியாமெட்ரியே அப்படி. இந்த மாதிரி இடத்துல சென்டருக்கு இறுக்கமா டாலரன்ஸ் கேக்குறது அநியாயம். விளிம்பு மேல நாலு இடத்துல அடிப்பக்கத்துலேருந்து உயரத்தைக் கொடுங்க. இல்லன்னா விளிம்புக்கு ஒரு புரொஃபைல் டாலரன்ஸ் கொடுங்க. அளக்குறவங்க உங்களை வாழ்த்துவாங்க.

(நடுவுல ஒரு குளிர்காலக் கதை. இங்க ஜனவரியில வெளிய மைனஸ் 20 சர்வசாதாரணம். அலுமினிய பீஸ் டிரக்லேருந்து இறங்கி நேரா இன்ஸ்பெக்ஷன் மேஜைக்கு வந்தா, 300 மி.மீ நீளத்துல கால் மி.மீக்கு மேலயே சுருங்கி இருக்கும். அளவெல்லாம் 20 டிகிரியில எடுக்கணும்னு ஐ.எஸ்.ஓ 1 சொல்லுது. ஐ.எஸ்.ஓவோட முதல் நம்பரே இதுக்குத்தான்! அதனால எங்க ஷாப்ல வந்த பீஸுங்க ராத்திரி முழுக்க உள்ள உக்காந்து குளிர் விட்டப்புறம்தான் வெர்னியர் கிட்டப் போகும்.)

இப்ப என்னோட ஃபேவரிட் தலைவலிக்கு வருவோம். இல்லாத மூலை.

ரெண்டு கோடு சேர்ற இடத்தை ஃபில்லெட் போட்டு உருட்டிடுறோம். மூலை போயிடுச்சு. ஆனா டைமென்ஷன் இன்னும் அந்தப் போன மூலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். இதை சாலிட்வொர்க்ஸ்ல விர்ச்சுவல் ஷார்ப்னு சொல்றாங்க. ரெண்டு கோட்டையும் கன்ட்ரோல் அழுத்தித் தேர்ந்தெடுத்து, பாயின்ட் டூலைத் தொட்டா, கோடுங்க நீண்டு சந்திக்கிற இடத்துல ஒரு புள்ளி விழும். ஸ்கெட்ச்சுக்குள்ளயே ஃபில்லெட் போட்டா, ஏற்கெனவே அளவு போட்ட மூலையை அதுவே காப்பாத்தி வச்சுக்கும்.

இது நல்ல விஷயம்தான். சாய்வு, கோணம் எல்லாம் அந்த மூலையிலதான் பிறக்குது. ரேடியஸை 5லேருந்து 8க்கு மாத்துனாலும் சாய்வுக்கோடு இடம் மாறாது. டிசைனுக்கு இது வேணும்.

ஆனா பொருளைக் கையில வாங்குறவங்களுக்கு?

90 டிகிரி மூலையில ரேடியஸ் 10 போட்டா, இல்லாத மூலைக்கும் உண்மையான உலோகத்துக்கும் குறுக்கால 4.14 மி.மீ இடைவெளி. தாங்கிக்கலாம். ஆனா மூக்கு கூர்மையாக ஆக இது எங்கயோ போயிடும். 30 டிகிரி மூக்குல அதே ரேடியஸ் 10 போட்டுப் பாருங்க. சென்டர் மூலையிலேருந்து 38.6 மி.மீ தள்ளி நிக்கும். 10ஐக் கழிச்சா உலோகம் ஆரம்பிக்கிற இடம் மூலையிலேருந்து 28.6 மி.மீ தள்ளி.

டிராயிங்ல மொத்த நீளம் 120ன்னு அந்த மூலை வரைக்கும் போட்டிருந்தா, கையில வர்ற பீஸ் 91.4தான்! ஸ்டோர்ஸ்காரர் 125 நீளத்துக்குப் பட்டை வெட்டி வைப்பார். அட்டைப்பெட்டிக்காரர் 130க்குப் பெட்டி செய்வார். இன்ஸ்பெக்ஷன்ல வெர்னியர் வச்சுப் பார்த்து, குறையுதுன்னு சிவப்பு டேக் கட்டுவாங்க. பீஸ் மேல ஒரு குத்தமும் இல்ல.

அதனால நான் ரெண்டையும் போடுவேன். இல்லாத மூலை வரைக்கும் 120, பக்கத்துல அது தியரிட்டிக்கல் ஷார்ப்னு குறிப்பு. கீழ அடைப்புக்குறிக்குள்ள 91.4. இது போட அரை நிமிஷம் ஆகுமா? ஆகாது.

இதோட தம்பி ஒருத்தன் இருக்கான். டேன்ஜென்ட் எட்ஜ். ஃபில்லெட் முடிஞ்சு தட்டையான முகம் ஆரம்பிக்கிற இடத்துல சாஃப்ட்வேர் ஒரு மெல்லிசுக் கோடு காட்டும். ஸ்கிரீன்ல பார்த்தா அசல் விளிம்பு மாதிரியே இருக்கும். சில பேர் அந்தக் கோட்டுக்கே அளவு போட்டுடுறாங்க. முடிஞ்ச பீஸை வாங்கி அந்த இடத்துல கட்டைவிரல் நகத்தை வச்சு மெதுவா இழுத்துப் பாருங்க. எதுவுமே தட்டாது. வழுவழுன்னு போயிக்கிட்டே இருக்கும். தட்டினாத்தான் பிரச்சினை, அங்க ஃபில்லெட் ஒழுங்கா கலக்கலன்னு அர்த்தம். தொட்டுப் பார்த்தாலும் தெரியாத கோட்டை வெர்னியர் எப்படிக் கண்டுபிடிக்கும்? போதாததுக்கு ரேடியஸை மாத்துன உடனே அந்தக் கோடும் நகர்ந்துடும். அதுக்குப் போட்ட அளவும் சொல்லாம கொள்ளாம மாறிப் போகும். நான் டிராயிங் வியூவுல டேன்ஜென்ட் எட்ஜை எடுத்தே விட்டுடுவேன். படம் புரியாம போச்சுன்னா மட்டும் மெல்லிசுக் கோடா வச்சுக்குவேன்.

மாடல்ல ஃபில்லெட்டைக் கடைசியாப் போடுங்கன்னு பெரியவங்க சொல்றதும் இதுக்குத்தான். முதல்லயே உருட்டிட்டா, பின்னாடி வர்ற ஃபீச்சர் எல்லாம் உருண்ட விளிம்பைப் பிடிச்சுத் தொங்கும்.

ஷீட் மெட்டல்ல இதே கதை வேற சட்டை போட்டுக்கிட்டு வரும். 90 டிகிரி மடிப்புல வெளிப்பக்கத்து இல்லாத மூலையும், வெர்னியர் தொடுற வெளி முகமும் ஒரே கோட்டுல வந்துடும். அதனால வருஷக்கணக்கா 90 டிகிரியே மடிக்கிறவங்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணுலயே படாது. கூர்மையா மடிக்கிற ஒரு வேலை வரும்போதுதான் ரெண்டும் பிரியும். அப்ப மூலை வெளிய துருத்திக்கிட்டுப் போயிடும், உலோகம் உள்ளயே நின்னுடும். ஃபிளாஞ்ச் நீளத்தை வெளி மூலையிலேருந்து எடுக்கணுமா, உள் மூலையிலேருந்தா, மடிப்பைத் தொடுற கோட்டுலேருந்தான்னு சாலிட்வொர்க்ஸ் மூணு பொத்தான் வச்சுக் கேக்கும். அதைப் பார்க்காம ஓகே தட்டாதீங்க.

ரேடியஸ் மதிப்பைப் பத்தியும் ஒரு வார்த்தை. பாக்கெட்டோட உள்மூலைக்கு ஆர் 5ன்னு போடுறாங்க. 10 மி.மீ கட்டருக்குச் சரியாப் பொருந்தும்னு நினைப்பு. பொருந்தும். ஆனா மூலைக்குப் போனதும் கட்டர் ஒரே நேரத்துல கால்வட்டம் முழுக்க உலோகத்தைக் கடிக்கும். கிரீச்சுன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, ஷாப் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். மூலையில அலை அலையா தடம் விழுந்துடும். ஆர் 6 கொடுத்தா கட்டர் நிக்காம வளைஞ்சு ஓடிடும். ஒரே ஒரு மி.மீ தாராளம் போதும்.

ஊர்ல ஃபவுண்ட்ரிகள்ல இதைச் சொல்லவே வேண்டியதில்ல. கணபதி பக்கமோ பீளமேடு பக்கமோ எந்தப் பேட்டர்ன் கடையில போய் உள்மூலையைக் கூரா விட்ட டிராயிங்கைக் கொடுத்தாலும், கேக்காமலே மெழுகோ புட்டியோ வச்சு உருட்டி விட்டுடுவாங்க. கூர் மூலையில வார்ப்பு ஆறும்போது விரிசல் விடும்னு அவங்க கைக்குத் தெரியும். பம்ப் கேசிங் டிராயிங் ஓரத்துல "குறிப்பிடாத ரேடியஸ் எல்லாம் ஆர் 3"ன்னு ஒத்தை வரி இருக்கும். அந்த ஒத்தை வரி எத்தனை சண்டையைத் தடுத்திருக்கு! இங்க இருக்குற மெஷின் ஷாப் டிராயிங்ல அந்த வரி விட்டுப் போனா எனக்கு அவ்வளவு கஷ்டமா இருக்கும்.

எல்லா ரேடியஸும் அவ்வளவு லேசான விஷயமும் இல்ல. ஆத்துக்கு அந்தப் பக்கம் லாங்கேயில ஹெரூன்னு ஒரு மெஷின் கம்பெனி, இப்ப பேரு ஹெரூ டெவ்டெக். விமானத்துக்கு லேண்டிங் கியர் செய்யுறவங்க. 1969ல அப்போலோ 11 சந்திரன்ல இறங்குச்சே, அந்த இறங்குகலத்தோட கால்களைச் செஞ்சதும் அவங்கதான். லேண்டிங் கியர் மாதிரி பாரத்தைத் தாங்கி அடி வாங்குற பொருள்ல, ஷாஃப்ட் பருமன் மாறுற இடத்துல இருக்குற ஃபில்லெட்தான் உயிர்நாடி. அந்த வளைவு நினைச்சதைவிடச் சின்னதாப் போனா அழுத்தம் அங்கேயே குவியும். திரும்பத் திரும்ப அடி விழுந்து விழுந்து ஒரு நாள் விரிசல் அங்கேருந்துதான் கிளம்பும்.

அந்த மாதிரி இடத்துக்குத்தான் ஒய்14.5ல சி.ஆர்னு ஒரு குறி வச்சிருக்காங்க, கன்ட்ரோல்டு ரேடியஸ். வெறும் ஆர்னு போட்டா, வளைவு அனுமதிச்ச ரெண்டு எல்லைக்கு நடுவுல எங்கயாவது இருந்தா பாஸ். நடுவுல ஒரு தட்டை இருந்தாலும், லேசா பள்ளம் விழுந்தாலும் பாஸ்தான். சி.ஆர்னு போட்டா அதெல்லாம் செல்லாது. வளைவு சீரா, திரும்பாம, தட்டை விழாம ஓடணும். இதைப் பார்த்து மயங்கி எல்லா மூலைக்கும் சி.ஆர் போட்டுடாதீங்க. விலை எகிறிடும். கை கிழிக்காம இருக்கறதுக்காக உருட்டின மூலைக்கு வெறும் ஆர் போதும், அதிகபட்சம்னு ஒரு எல்லை சொன்னா போதும்.

இவ்வளவும் சொல்லிட்டு, சாஃப்ட்வேர்க்காரங்ககிட்ட எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம்தான் இருக்கு. சாலிட்வொர்க்ஸ் 1995ல வந்துச்சு. அதைச் செய்யுற டஸ்ஸோ கம்பெனியோட இன்னொரு சாஃப்ட்வேரான கேட்டியாதான் இந்த ஊர் விமானக் கம்பெனிகள் பலதுலயும் ஓடுது. இத்தனை வருஷ அனுபவம் இருக்குற ஆளுங்களுக்கு இது பெரிய வேலையே இல்ல. கோட்டையும் வளைவையும் கிளிக் பண்ண உடனே சென்டருக்கு ஓடாதீங்க. மூணு கோட்டையும் மங்கலா காட்டுங்க: கிட்ட விளிம்பு, சென்டர், எட்ட விளிம்பு. மூணுக்கும் நம்பரைப் பக்கத்துலயே போடுங்க. வரையுறவர் ஒண்ணைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். ஸ்லாட்டுக்கு அளவு போட்டா, எந்த ஸ்டாண்டர்டு டெம்ப்ளேட்டா இருந்தாலும், ஓவராலா சென்டர் டு சென்டரான்னு கேட்டு வாங்கி, சென்டர் மார்க்கையும் அதுவே போட்டுடட்டும். ஸ்கேன் பண்ணி மங்கிப் போனாலும் ஒரு குட்டிக் கூட்டல் குறி எங்கயாவது ஒட்டிக்கிட்டு இருக்கும், மில்லிங் மெஷின் பக்கத்துல நிக்கிற ஆளுக்கு அது போதும்.